ஹிதாயா அக்கா யாரையும் நம்புவதில்லை

முதல் கரண்டி ஐஸ்கிறீம் வாய்க்குள் போகும்போது ஹிதாயா அக்கா நம் முகத்தைப் பார்ப்பதில்லை. தொண்டையைப் பார்க்கிறார். விழுங்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதுதான் அவருக்கு முக்கியம். கொஞ்சம் தாமதித்தால் போதும், மேசையருகில் வந்து நின்றுவிடுவார்.

"என்ன, எறங்குதில்லையா? செல்லுங்க, என்ன கொற?"

"ஒண்ணுமில்லக்கா, பல்லு கூசுது."

"எந்தப் பல்லு?"

அவர் பேச்சில் 'செல்லுங்க' என்றால் 'சொல்லுங்க'; பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் ஒருமுறை கடைவாய்ப் பல் என்றேன். அடுத்த வாரம் அதே பல்லைப் பிடுங்கியாயிற்றா என்று விசாரித்தார்.

கலேவெல பஸ் நிலையத்துக்குப் பின்னால், நாலே மேசை போட்ட கடை அவருடையது. வயது ஐம்பத்தெட்டு. சாரித் தலைப்பை இறுக்கி முக்காடு போட்டுக்கொண்டு காலையிலிருந்து நின்றபடியே வேலை செய்வார். எங்கள் வீட்டில் நான், மனைவி கிருஷாந்தி, பத்து வயது மகள் என்று மூன்று பேர். ஞாயிறு மாலை என் விதைக்கடையைப் பூட்டியதும் மூவரும் அங்கே ஆஜர். மகளுக்குப் பரீட்சையில் மார்க்ஸ் கூடினாலும் ஐஸ்கிறீம், குறைந்தாலும் ஐஸ்கிறீம். காய்ச்சல் விட்டதைக் கொண்டாடப் போய்க் காய்ச்சலைத் திரும்பக் கூட்டிவந்த கதையும் உண்டு. இந்த ஊர் வெயிலில் கோப்பை மேசைக்கு வந்ததும் உருகத் தொடங்கிவிடும் என்பதால், சாப்பிட்டு முடியும்வரை நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

அக்காவின் சந்தேகம் வாடிக்கையாளர்களோடு நிற்பதில்லை. பால்காரர் வந்தால் ஒரு சொட்டை எடுத்துப் பெருவிரல் நகத்தில் விட்டு, அது எப்படி வழிகிறது என்று பார்த்த பிறகுதான் பாத்திரத்தை நீட்டுவார். மாம்பழக் கூடையின் மேல்வரிசையைத் தொடவே மாட்டார், அடியிலிருந்து உருவுவார். கணவர் பஸீர், பாவம், பழைய கிரைண்டர் மோட்டார் ஒன்றைத் தேடிப் பிடித்து ஐஸ்கிறீம் வாளியில் பூட்டிக் கொடுத்தார். அதையும் அக்கா அடிக்கடி நிறுத்திவிட்டுக் கையால் சுற்றிப் பார்ப்பார். "மோட்டாருக்கு என்ன தெரியும்? கட்டியா ஈக்கா, தண்ணியா ஈக்கான்னு அது செல்லுமா?"

முன்பெல்லாம் இவ்வளவு இல்லை. இந்த அளவுக்கு முற்றியதற்கு எங்கள் குடும்பமும் ஒரு காரணம். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதுவது நியாயமில்லை.

ஐஸ்கிறீம் டின்னை மரவாளிக்குள் வைத்து, சுற்றிலும் ஐஸ் கட்டியும் கல்லுப்பும் நிரப்பித்தான் சுற்றுவார்கள். ஒருநாள் டின் மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்துபோய், உப்புத் தண்ணீர் உள்ளே கசிந்துவிட்டது. அக்கா வழக்கம்போல விரல்நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார், தலையாட்டினார், எங்களுக்குப் பரிமாறினார். வாயில் வைத்தால் கருவாட்டுத் தண்ணீர் மாதிரி இருந்தது. துப்பப் போன மகளின் தொடையைக் கிருஷாந்தி மேசைக்கடியில் கிள்ளினாள். இத்தனை வருஷமாக நமக்கு ஆசையாகச் செய்து தருகிற மனுஷியின் மனம் நோகக்கூடாது என்பது அவள் எண்ணம். எனக்கும் அதுதான். மூன்று பேரும் கண்ணில் நீர் வர விழுங்கி முடித்தோம். "இன்னைக்கு ரொம்ப நல்லா இருக்குக்கா" என்றும் சொல்லிவைத்தோம்.

அந்தச் சொல்லை நம்பி, நாங்கள் எழுமுன்பே, வஹகோட்டைத் தேவாலயத் திருநாளுக்குப் போய்த் திரும்பிய வேன் நிறைய ஆட்களுக்கு அதே டின்னை எடுத்துக் கொடுத்தார். முதல் வாயிலேயே கடை வாசலில் துப்பினார்கள். ஒருவர் கோப்பையைத் தெருவில் கவிழ்த்துவிட்டுப் போனார்.

அக்கா எங்கள் மேசைக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

"அந்தக் கொரோனாக் காச்சல்ல எனக்கு மூக்கும் நாக்கும் செத்துப்போய் நாலு வருஷம். எங்கட மனுசனுக்கு மட்டுந்தான் தெரியும். ஒங்கட நாக்க நம்பித்தான் நான் கட நடத்தினன்."

எனக்கு வெட்கத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அன்றைக்குப் போல நான் என்றும் கூனிக்குறுகியதில்லை.

அதன் பிறகு அந்தக் கடையில் 'நல்லா இருக்கு' என்ற பேச்சே எடுபடுவதில்லை. நாங்கள் எழுந்து போனதும் கோப்பைகளை வெளிச்சத்தில் தூக்கி, அடியில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறார். வழித்துத் தின்றிருந்தாலும் சந்தேகம், மிச்சம் வைத்திருந்தாலும் சந்தேகம். இன்னொரு தடவை யாராவது துப்பினால் கடையை மூடிவிடப் போவதாகச் சொல்லியிருக்கிறாராம். பஸீர் என் கடைக்கு வந்து, விதை வாங்குகிற மாதிரி நின்று சொன்னார். "அவ செல்லிட்டா செஞ்சிருவா தம்பி. கட இல்லாட்டி அவ என்னா செய்வா?"

போன ஞாயிறு, பெருநாளுக்கென்று புதிதாகச் செய்த மாம்பழ ஐஸ்கிறீமை அக்கா கொண்டுவந்து வைத்தார். கிருஷாந்தி ஒரு கரண்டி சாப்பிட்டாள். யார் வீட்டில் என்ன கொடுத்தாலும் குறை சொல்லி அறியாதவள் அவள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நல்லா இல்லக்கா. சாதிக்காய் கூடிப்போச்சு, கசக்குது. இத யாருக்கும் குடுத்துறாதீங்க."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கொற செல்லிட்டா நான் நம்பிருவன்னு நெனச்சிச் செல்றீங்களா?"

பஸீர் அவசரமாக ஒரு வாய் சாப்பிட்டு, "எனக்கு நல்லாத்தான் ஈக்கி" என்றார்.

"நான் கல்ல வெச்சாலும் ஒங்களுக்கு நல்லாத்தான் ஈக்கும்."

கிருஷாந்தி பின்வாங்கவில்லை. கோப்பையைத் தள்ளி வைத்தாள். "நீங்க கோவிச்சாலும் பரவால்ல. என்னால சாப்பிட முடியாது."

அக்கா கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. இத்தோடு இந்தக் கடை நமக்கு இல்லை என்று எண்ணிக்கொண்டேன். எழுந்திருக்கப் போன நேரத்தில் வெளியே வந்தார். ஒரு கையில் காய்ச்சி ஆறிய பால் சட்டி, இன்னொரு கையில் துருவியும் ஒரு சாதிக்காயும். எல்லாவற்றையும் எங்கள் மேசையிலேயே வைத்து, கிருஷாந்தியிடம் ஒரு கரண்டியைக் கொடுத்தார். சாதிக்காயைச் சட்டிக்கு மேலே பிடித்து மெல்லத் துருவத் தொடங்கினார். கிருஷாந்தி கலக்கினாள், நாக்கில் தொட்டுப் பார்த்தாள், போதாது என்று தலையசைத்தாள். இன்னும் நாலு இழுப்பு. மறுபடி தொட்டுப் பார்த்தாள்.

"போதும்" என்றாள்.

அக்காவின் கை அப்படியே நின்றது. துருவியில் ஒட்டியிருந்த தூளைக்கூடப் பாலில் தட்டாமல், சாரித் தலைப்பில் துடைத்துவிட்டார்.