மூன்று கை மஞ்சள் தண்ணீர்

யுத்தம் முடிந்தும் ரேஷன் அரிசிதான் அப்போது. நான் துறைமுகத்தில் கரி வாரினேன். எவ்வளவு தேய்த்தாலும் காது மடிப்பில் கரி போகாது, இப்போதும் சில நாள் தடவிப் பார்க்கிறேன். அது கிடக்கட்டும். காசிமேட்டிலிருந்து கட்டுமரத்தில் போன என் மச்சான் திரும்பவில்லை. தம்பி வரும்வரை சோறு தொடுவதில்லை என்று என் மனைவி அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். காலையில் மூன்று கை, மாலையில் மூன்று கை வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீர், அவ்வளவுதான்.

நாலாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. போனவன் வரமாட்டான் என்று தெரியும், சொல்ல வாய் வரவில்லை. செம்பில் தண்ணீர் வைப்பது நான்தான். மறுநாள் முதல் என் சோறு வடித்த கஞ்சியைக் கலந்து வைத்தேன். மஞ்சளில் நிறம் தெரியாது, வேப்பிலைக் கசப்பில் ருசி தெரியாது.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். இருபது நாள் தாண்டியது. ராயபுரமே கற்பூரத்தோடு அவளைக் கும்பிட வந்தது. என் வீட்டில் எனக்கு இடமில்லை. தெருக்குழாய் அருகே உட்கார்ந்து பீடி பிடிப்பேன். யாரும் என்னோடு பேசமாட்டார்கள்.

ஐப்பசிக் காற்று அடித்த ஒரு காலையில் அவள் சித்தப்பா பிள்ளைகள் ஐந்து பேர் வந்தார்கள். அதுவரை அவளை அக்கா என்றவர்கள்.

"தாயி, பழவேற்காட்டாண்ட கட்டுமரம் ஒண்ணு மெதக்குதாம். தேடிகினு போறோம். காத்து பேஜாரா கீது, நீ ஒரு வார்த்த சொல்லு."

"போங்க. சோறில்லாம என்னிய நிக்க வெச்சிகினு கீறவ, உங்கள வுட்ருவாளா?"

குங்குமத்துக்குக் கை நீட்டினார்கள்.

"போவாதீங்கப்பா," என்றேன். "அவ குடிச்சது வெறும் தண்ணி இல்ல. தெனம் கஞ்சி கலந்தேன்."

"இன்னா மாமு, காலையிலயே ஏத்திகினியா?" என்று ஒருவன் சிரித்தான்.

செம்பைச் சாய்த்துக் காட்டினேன். அடியில் கஞ்சி படிந்திருந்தது. சிரிப்பு நின்றது. ஒருவரும் கடலுக்குப் போகவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு அவள் கேட்டாள்: "எத்தினி நாளா?"

"அஞ்சாம் நாள்லருந்து."

"அதான் அவன் வரல."

மாற்றுப் புடவையைச் சுருட்டிக்கொண்டு காசிமேட்டில் அம்மா வீட்டுக்கு நடந்தாள்.

இரண்டு நாள் கழித்து அவள் அங்கே சோறு தின்றதாகப் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள். என்ன குழம்பு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வந்தவள் போய்விட்டாள்.