நான் ஆடாத ஆட்டம்

இதுவரை இந்த இணைய ரசிகர் குழுவில் படிக்க மட்டுமே செய்தவள் எழுதுகிறேன், மன்னியுங்கள்.

நம் கார்ட்டூன் முயலின் கையில் கத்தியைக் கொடுத்த புதிய கம்ப்யூட்டர் கேமைப் பற்றி நீங்கள் கொதித்து எழுதியதையெல்லாம் படித்தேன். கீழ்வீட்டு ஷமீம் அக்கா, "நீதான் படிச்ச பொண்ணு, சொல்லு. எம் பொண்ணு அத ஆடலாமா?" என்று கேட்டபோது உங்கள் வரிகளையே ஒப்பித்தேன். அக்கா சி.டி.யை உடைத்துவிட்டார்.

இன்று தி. நகர் பஸ்ஸில் அவர் மகள் ரெஹானா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யக்கா, அந்த முயலு காணாம போன தம்பிய தேடிக்கினு போவுது. பாதிலயே நின்னுபோச்சு. நீ ஆடிப் பாத்தியா?"

"இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு அம்மாகிட்ட அப்டி சொன்ன?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாளை அக்காவிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன். அதற்குமுன் ஒரு வேண்டுகோள்: உங்களில் யாராவது அதை ஆடியிருந்தால், தயவுசெய்து எழுதுங்கள்.