அமாவாசைக்கு இறுகும் கத்தி

என் மேசையில் ஒரு மடக்குக் கத்தி இருக்கிறது. பித்தளைப் பிடி, விரல் நீள அலகு. கட்டைவிரலால் தள்ளினால் சத்தமில்லாமல் திறந்துகொள்ளும். அது என் அக்காவுடையது. எங்கள் ஊரான முள்ளிப்பட்டில் வீட்டுத் தறியில் பட்டு நெய்தவள். நூல் முடிச்சை நறுக்கவும், நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுத்தெடுக்கவும் அவளுக்கு அந்தக் கத்திதான்.

அப்பா அம்மாவுக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் மட்டும்தான். நான் வேலூரில் ஒரு தொழிற்சாலையின் கருவிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போய்வருவேன். ஒருமுறை போனபோது கத்தி திறக்காமல் அடம்பிடித்தது. கழற்றிப் பார்த்தால் கீலில் பட்டுப் பிசிறு அடைத்திருந்தது. அதை ஊசியால் எடுத்து, சோப்பு நீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உலர்ந்தால் பிசுக்கே இல்லாத டெஃப்லான் ஸ்ப்ரே அடித்து, திருகை அளவாக முறுக்கினேன். எண்ணெய் விட்டால் பிசிறை இழுக்கும், பட்டிலும் கறை படும். என் கணக்குப்படி அது ஒரு வருடமாவது தாங்கியிருக்க வேண்டும்.

அடுத்த அமாவாசைக்கு முன்பே அக்கா போன் செய்தாள். "இன்னாடி இன்ஜினியரு, கத்தி மறுபடி இறுகிகினு கீது."

அமாவாசையன்று எங்கள் ஊரில் தறி ஓடாது. வார விடுமுறையை மாற்றி வாங்கிக்கொண்டு, கண்ணமங்கலம் வழியாக பஸ் பிடித்துப் போனேன். கீலைக் கழற்றியதும் தேங்காய் எண்ணெய் வாசனை.

"யாருக்கா இதுல எண்ணெய் வுட்டது?"

"தறியாண்ட யாருடி எண்ணெய் எடுத்தாருவாங்க? பூனை எதனா தட்டி வுட்டிருக்கும்," என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

அந்த வீட்டில் பூனை கிடையாது. நூலில் கறை விழுந்தால் சேலையே போய்விடும் என்று, தறியில் உட்காரும் நாளில் தலைக்குக்கூட எண்ணெய் வைக்காதவள் அக்கா. 'வந்துட்டுப் போ' என்று ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்காதவளும் அவள்தான். நான் ஊசியையும் துணியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அதன் பிறகு அமாவாசைதோறும் போனேன். கத்தியும் தவறாமல் இறுகியிருந்தது. நான் துடைக்கத் துடைக்க, அவள் எதிரே காலை நீட்டி உட்கார்ந்து தெருக்கதையெல்லாம் சொல்லுவாள். சீக்கிரம் முடிந்துவிடுகிற வேலை அது. நான் திருகைத் தளர்த்துவதும் முறுக்குவதுமாக இழுத்துக்கொண்டிருப்பேன். அப்படியும் அவளுக்குப் போதாது. "இன்னா ஜல்தி? மெதுவா செய்யி, பஸ்ஸு எங்கியும் ஓடிப் போவாது."

போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. தறியை ஆட்கள் வந்து பிரித்து எடுத்துப் போனார்கள். நான் கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போதே அதைத் துடைத்துவிட்டேன்.

இன்று அமாவாசை. ஊசி, துணி, ஸ்ப்ரே என்று பழக்கத்தில் வரிசையாக எடுத்து வைத்திருந்தேன். கத்தியைத் தள்ளினேன். சத்தமில்லாமல் திறந்துகொண்டது. மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். கீலில் பிசிறும் இல்லை, வாசனையும் இல்லை. சரிசெய்ய அதில் ஒன்றுமே இல்லை.