ஏழரைக்கு மேல் ஒரு மார்க்

அந்த ரோஜா சோதனைத் தோட்டத்தில் அவளுக்கு ஏழரை என்று பெயர். எந்தச் செடிக்கும் பத்துக்கு ஏழரை மார்க்குக்கு மேல் போடமாட்டாள் என்று ஒரு காரணம் சொல்வார்கள். அவள் நோட்டோடு பாத்தியில் இறங்கினால் செடி அனுப்பிய நர்சரிக்காரனுக்கு ஏழரை ஆரம்பம் என்பது இன்னொரு காரணம். எல்லாம் முதுகுக்குப் பின்னால்தான். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்குத் துணிச்சல்?

களை பிடுங்க வந்தவள், இருபத்திரண்டு வருடத்தில் மார்க் போடுகிறவளாகியிருந்தாள். மற்ற மூன்று நடுவர்களும் காலை எட்டு மணிக்கு வருவார்கள். வெயில் ஏறாத அந்நேரத்தில் எந்த மஞ்சள் ரோஜாவும் பளிச்சென்றுதான் இருக்கும். நடைபாதையில் நின்றபடியே எட்டு, ஒன்பது என்று வாரி வழங்கிவிட்டு, சட்டை மடிப்புக் கலையாமல் போய்விடுவார்கள். அவர்களை நினைத்தாலே இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இவள் போவது மதியம் இரண்டு மணிக்கு. காலையில் மஞ்சளாகச் சிரித்த பூவெல்லாம் வெளுத்து, மோர் நிறத்தில் தொங்கும். மண்டியிட்டு அடி இலைகளைத் திருப்பிப் பார்ப்பாள். கரும்புள்ளி நோய் மஞ்சள் ரோஜாவைத் தேடித் தேடிப் பிடிக்கும். அதைத் தாங்குகிறதா என்று பார்க்கத்தான், மூன்று வருடச் சோதனை முடியும்வரை எந்தச் செடிக்கும் மருந்து அடிக்கக் கூடாது என்று அங்கே சட்டம்.

"வாங்கிட்டுப் போறவங்க வருஷம் பூரா அந்தச் செடியோட குடித்தனம் நடத்தணும்ல?" என்பாள்.

இந்த முறை பதினாலாம் பாத்தி அவள் தம்பியுடையது. சின்ன நர்சரி வைத்திருப்பவன், பதினோரு வருடம் மகரந்தம் மாற்றி மாற்றி உருவாக்கிய மஞ்சள் புதர் ரோஜா. இங்கே சான்றிதழ் கிடைத்தால்தான் அது விற்பனைக்குப் போகும். தம்பி செடிக்கு நான் மார்க் போடமாட்டேன் என்று அவள் எழுதிக் கொடுத்தாள். மேலாளர் சிரித்துவிட்டார். "நீங்களா சலுகை காட்டப் போறீங்க? போங்கம்மா."

கடைசி மார்க் நாளன்று பதினாலாம் பாத்தியில் மண்டியிட்டாள். இலைகளின் பின்பக்கம் வெள்ளையாகக் காய்ந்த சொட்டுகள். விரலில் தேய்த்து முகர்ந்தாள். மருந்து. நான்கு செடியிலும் மருந்து.

தம்பியை போன் போட்டு வரவழைத்தாள். அவன் வந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எப்படா அடிச்சே?"

"போன வாரம். ஆளுங்க சாப்பிடப் போன நேரத்துல. விடாம மழை பெஞ்சுதுக்கா. புள்ளி வந்துடுமோன்னு பயந்துட்டேன். நீ வேற ஏழரை…" என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எத்தனை செடிக்கு?"

"நாலுக்கும்."

"பாத்திக்கு அஞ்சு செடிடா, மடையா."

அவன் கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தரதரவென்று இழுத்துப் போனாள். இடம் போதாமல் ஐந்தாவது செடியை அங்கே நட்டிருந்தார்கள். மருந்து படாத செடி. அடியிலிருந்து நுனிவரை ஒரு புள்ளி இல்லை. இரண்டு மணி வெயிலிலும் பூக்கள் காலையில் விரிந்த அதே மஞ்சளில் நின்றன.

ஏமாற்றியதைக்கூட அவள் மன்னித்திருப்பாள். பதினோரு வருடம் கூடவே இருந்தவன் தன் செடியை நம்பவில்லையே என்றுதான் ஆத்திரம் பொங்கியது. அக்காவையும் நம்பவில்லை.

"இது ஒண்ணைப் பாத்து மார்க் போட்டுடேன்க்கா. யாருக்குத் தெரியப் போகுது?"

"வாயை மூடு. ஒரு செடியில மருந்து பட்டாலும் பாத்தியே சோதனையில கிடையாது."

நோட்டைத் திறந்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். பதினாலாம் பாத்தி, போன மாதத்து வரி. பென்சிலில் எட்டரை என்று இருந்தது. அவன் இரண்டு தடவை படித்தான்.

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு செடிக்கும் இதைப் போட்டதில்லைடா" என்றாள்.

பிறகு பேனாவை எடுத்து, தாள் கிழியும்படி அழுத்தி, அந்த வரி முழுக்கக் கோடு போட்டாள்.