சிவப்புச் சுவிட்ச்

பவர் சப்ளையை முதலில் உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடிக்கொள்கிறாள் ஜொஹறா. கை சொல்வதில் திருப்தி இல்லையென்றால் பக்கத்துக் கருவாட்டுக் கடைக்குப் போய் ஜவாஹிரின் தராசில் ஏற்றிவிடுகிறாள். "நானூறு வாட்ஸ் எண்டு ஒட்டிக் கிடக்கு. ஒட்டுறதுக்கு என்ன, நானும் ஒட்டுவன். உள்ளுக்குச் சாமான் இருந்தால் பாரம் இருக்க வேணும்" என்பது அவள் வாதம். அவள் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுக்கும் கம்ப்யூட்டரில் லேசாகக் கருவாடு மணக்கும் என்று வவுனியாவில் ஒரு கேலி உண்டு. அவள் அதை மறுப்பதில்லை.

வயது நாற்பத்தொன்று. முல்லைத்தீவில் பிறந்தவள். இடம்பெயர்ந்து புத்தளத்துக் கொட்டிலில் இருந்த காலத்தில், வாப்பாவின் பழுதான ரேடியோக்களைக் கிண்டிக் கிண்டித் தொழில் பழகினாள். சண்டை ஓய்ந்தபின் வவுனியாவுக்கு வந்து கடை திறந்து இரண்டு வருடமாகிறது. முதுகுவலி வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. வருகிறவர்கள் அவளைத் தாண்டி எட்டிப் பார்த்து, பூட்டுகிற ஆள் எங்கே என்று கேட்பார்கள். முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது "நான்தான், இருங்கோ" என்று கதிரையைத் தள்ளிவிடுகிறாள். கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

மற்றக் கடைக்காரர்கள் என்ன விலைக்குள் வேண்டும் என்று கேட்பார்கள். இவள் கேட்பது, "எந்த ஊரில வைக்கப் போறியள்? லைனோ, ஜெனரேற்றரோ?" ஓமந்தைக்கு அப்பால், லைன் இன்னும் போகாத ஊர் என்றால், கம்ப்யூட்டர்ப் பெட்டியோடு சும்மா வருகிற பவர் சப்ளையைக் கழற்றி மூலையில் போட்டுவிடுவாள். அங்கே எரிந்தால் சோதனைச் சாவடி தாண்டிக் கொண்டுவர ஒரு பகல் போய்விடும். டிஸ்க், போர்ட், விசிறி என்று ஒவ்வொன்றும் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று விரல்விட்டுக் கூட்டி, அதற்கு மேல் பாதியும் சேர்த்து, அந்தப் பலத்துக்கு வேறொன்று பூட்டுவாள். "சோத்தை அளவாக் காய்ச்சினால், ஆள் வந்தால் என்ன செய்யிறது?"

அப்படிப் பார்த்துப் பார்த்துக் கொடுத்த கம்ப்யூட்டர் ஒன்றுதான் போன செவ்வாய்க்கிழமை சாக்கில் கட்டுண்டு திரும்பி வந்தது. கொண்டு வந்தவள் இராசமலர். விசுவமடுவில் தட்டச்சுக் கடை வைத்திருப்பவள். போரில் காணாமற்போனவர்களைத் தேடும் குடும்பங்களுக்கு மனு அடித்துக் கொடுக்கிறாள். எழுநூறு பேரின் பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள். வேறு பிரதி கிடையாது.

மூடியைத் திறந்ததும் கரிந்த வாடை. தன் கைக்கணக்குப் பிழைத்துவிட்டதோ என்று ஜொஹறா பவர் சப்ளையைக் கழற்றி மறுபடி ஏந்திப் பார்த்தாள். பாரம் சரியாகவே இருந்தது. திருப்பினாள். பின்புறத்துச் சின்னச் சிவப்புச் சுவிட்ச், இந்நாட்டு மின்சாரத்துக்கு 230 வோல்ட்டில் இருக்க வேண்டியது, 115இல் நின்றது.

இராசமலர் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஒரே ஜெனரேற்றரில் பக்கத்துக் கடை ஐஸ்பெட்டியும் ஓடுவதால் மின்சாரம் இறங்கி, மெஷின் அடிக்கடி நின்றுபோனதாம். "எங்கட கரண்ட் சின்னன்தானே அக்கா. அதுதான் சின்ன இலக்கத்துக்குத் தள்ளினனான். நாலு நாள் வடிவா ஓடினது." ஐந்தாம் நாள் ஐஸ்பெட்டியை நிறுத்தினார்கள். மின்சாரம் முழுசாக ஏறியது, படாரென்று வெடித்துவிட்டது.

ஏச்சு ஜொஹறாவின் வாய்வரை வந்தது. அந்தச் சுவிட்சைத் தொடக்கூடாது என்று எல்லோருக்கும் சொல்கிறவள், சொல்லிச் சொல்லிச் சலித்து, இவளுக்கு மட்டும் சொல்லாமல் விட்டிருந்தாள்.

"பிழை என்னிலதான், பிள்ளை" என்றாள்.

வேறு பவர் சப்ளை பூட்டி மின்சாரம் கொடுத்தாள். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே கொஞ்ச நேரம் நின்றது.

"பேருகள் இருக்கோ அக்கா?"

முதல் பக்கம் திறந்தது. மூக்கன், வயது அறுபத்திரண்டு. அடுத்தது அழகம்மா. ஜொஹறா கீழே, கீழே என்று கடைசிப் பெயர்வரை போய்ப் பார்த்துவிட்டு, "இருக்கு" என்றாள். இராசமலர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஐஸ்பெட்டி ஓடும்போது மெஷினைப் போட வேண்டாம் என்று ஜொஹறா இரண்டு தடவை சொல்லி, சுவிட்சை 230இல் வைத்து அதன்மேல் பசை பூசி இறுக்கி, பெட்டியைச் சாக்கில் கட்டிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். கடை சாத்தும் நேரம் ஆகியிருந்தது. முதுகைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் ஏறி, தட்டில் இருந்த பவர் சப்ளைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். பதினொன்று இருந்தன. மீதிப் பசையைக் குழைத்துக்கொண்டு முதலாவதின் பின்புறத்தைத் திருப்பினாள்.