குடும்பமாக நடத்தும் தோட்டம்

சின்னவர் ஒண்டிக்கட்டை. சின்னவர் என்பது வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை என்பதால் வந்த பெயர். தலை முழுக்க நரைத்த பிறகும் அதுவே நிலைத்துவிட்டது. அண்ணன்மார் இரண்டு பேரும் கல்யாணம் கட்டி நகரத்தில் போய் உட்கார்ந்துகொள்ள, அப்பா விட்டுப்போன காப்பித் தோட்டம் இவர் தலையில் விழுந்தது. கொஞ்ச நாள் பார்த்துக்கொள் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளாம்!

பார்த்துக்கொண்டார். அதுவும் எப்படி? அக்கம்பக்கத்தில் எல்லோரும் மருந்தடித்துக்கொண்டிருந்தபோது இவர் நிறுத்தினார். தண்டைத் துளைக்கிற வண்டு பட்டை இடுக்கில் முட்டை வைக்கும். மருந்துக்குப் பதிலாக, சாக்குத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, குழந்தைக்கு முதுகு தேய்ப்பதுபோல் ஒவ்வொரு செடியின் தண்டையும் தேய்த்துப் பட்டையை உதிர்த்தார். நிழல்மரம் ஒன்றைக்கூட வெட்டவில்லை. சருகை மண்ணுக்கே விட்டார். முதலில் விளைச்சல் படுத்துவிட்டது. இவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அண்ணன்மார் போனில் கத்தினார்கள். மனுஷர் அசையவில்லை. பிறகு செடிகள் தேறின. ஆனால் அதைச் சொல்லிச் சந்தோஷப்பட அந்தச் சரிவில் யார் இருக்கிறார்கள்? பறிப்பு முடிந்து ஆட்கள் இறங்கிப் போய்விட்டால் நாள்கணக்காக வாய் திறக்க வேலையில்லை. போன் வந்தால் தொண்டையைச் செருமிச் செருமித்தான் குரல் வெளியே வரும்.

அப்படியொரு நாளில்தான் காப்பி வாங்குகிற கம்பெனிக்காரம்மா கூப்பிட்டார். குடும்பமாக நடத்தும் தோட்டத்துக் காப்பிக்கு இப்போது மவுசாம். பாக்கெட்டில் போட ஒரு படம் வேண்டும், கேமராக்காரரை அனுப்புகிறேன், குடும்பத்தில் எல்லோரும் இருக்க வேண்டும் என்றார். சின்னவருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோரும் வருவார்கள்! வந்தால் கேட்டுவிட வேண்டியதுதான். அண்ணன்மாரோ பிள்ளைகளோ, யாராவது ஒருத்தர் தன்னோடு வந்து இருக்க முடியுமா என்று. சாப்பிடும்போது எதிரே உட்கார இன்னொரு ஆள், அவ்வளவுதான்.

வந்தார்கள். வாசல் நிறையச் செருப்பு. சின்னவர் அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தனக்குள் சிரித்துக்கொண்டார். பெரியண்ணன் கேமராக்காரரிடம், நாங்கள் மருந்தையே தொடுவதில்லை என்று அளந்துகொண்டிருந்தார். போனில் கத்தியதெல்லாம் எங்கே போயிற்றோ! இரண்டாவது அண்ணன் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, தண்டை விட்டுவிட்டு இலையைத் தேய்த்தார். சின்னவர் அதற்கும் சிரித்தார். களத்தில் காப்பியைக் கிளறிக்கொண்டிருந்த அவரை யாரும் யாருக்கும் அறிமுகம் செய்துவைக்கவில்லை.

நிழல்மரத்தடியில் எல்லோரும் வரிசையாக நின்ற நேரம் பார்த்து வானம் இருட்டியது. காய்கிற காப்பி நனைந்தால் பூசணம் பிடித்து எல்லாம் போச்சு. சின்னவர் ஒரே ஓட்டமாக ஓடித் தார்ப்பாயை இழுத்து மூடி, ஓரத்துக்குக் கல் வைத்து, சட்டையெல்லாம் அழுக்காகத் திரும்பி வந்து வரிசையின் கடைசியில் நின்றார்.

கேமராக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கோங்க. ஃபேமிலி மட்டும் எடுத்துக்கறேன்."

யாராவது சொல்வார்கள் என்று சின்னவர் நின்றார். பெரியண்ணன் தொப்பையை உள்ளே இழுத்து மூச்சைப் பிடித்திருந்தார். அண்ணி மகளின் முடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். யார் காதிலும் விழவில்லை, யாருக்கும் கெட்ட எண்ணமும் இல்லை. நானும்தான் என்று இவரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தன் வீட்டில் நின்றுகொண்டு அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. தள்ளிக்கொண்டார்.

எல்லோரும் கிளம்பி வேனில் ஏறிய பிறகுதான் கேட்க வாய் வந்தது. ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, யாராவது ஒருத்தர் இங்க வந்து இருங்களேன். தனியா முடியலண்ணே."

பெரியண்ணன் அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். பாசத்தில் ஒரு குறையும் இல்லை.

"அதான் நீ இருக்கியேடா. எங்களுக்கு என்ன கவலை?"

உள்ளே எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று சிரித்தார்கள். வேன் நகர்ந்தது. ஜன்னலை விட மனசில்லாமல் சின்னவர் கொஞ்ச தூரம் கூடவே நடந்தார்.