கென்டக்கி முறை ஓட்டு

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் செய்தவர்கள் வெட்டிப் போட்ட புளியமரம் சங்கராபுரம் சாலையின் குறுக்கே கிடக்கிறது. அவர்கள் போய் வெகுநேரமாகியும் அதை யாரும் தொடவில்லை. கல்வராயன் மலையில் மின்கம்பங்களுக்கு இடம் அளக்கப் போகிற நான், பஸ்ஸைவிட்டு இறங்கி, டீக்கடை பெஞ்சில் டீ குடித்துக்கொண்டே அமெரிக்க வரலாறு படிக்கிறேன்.

கடைக்கார பாய் வியாபாரிகள் சங்கத் தலைவர் பதவிக்கு நிற்கிறார். நாளை தேர்தல். அதனால் உள்ளூர் வியாபாரிகளுக்கு இன்று டீ இலவசம்; பெஞ்சு நிறைய அவர்கள்தான்.

"இன்னாம்மா படிக்கிறீங்க?"

"அந்தக் காலத்துல கென்டக்கி மாநிலத்துல கவர்னர் தேர்தலுக்கு ஓட்டுச்சீட்டே கிடையாதாம், பாய். யாருக்கு ஓட்டுன்னு எல்லார் முன்னாடியும் சத்தமாச் சொல்லணுமாம்."

பாயின் முகம் மலர்கிறது. பெஞ்சில் இருக்கும் தன் மைத்துனரிடம் திரும்புகிறார். "கேட்டுக்கினியா மாப்ளே? நீயே ஆரம்பி. யாருக்குப் போடப்போற? சத்தமா சொல்லு."

மைத்துனர் கிளாஸைக் கீழே வைக்கிறார். "பஸ்ஸு எம்மா நேரமா நின்னுக்கினு கீது, பாவம். மரத்த நவுத்திட்டு வந்துடறோம் மச்சான்."

பெஞ்சே காலியாகிறது. அத்தனை வியாபாரிகளும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தை இழுக்கிறார்கள்.

பாய் எனக்கு இன்னொரு டீ ஊற்றுகிறார். "காசு வேணாம்மா. உங்களுக்கு இங்க ஓட்டு இல்ல. ஓசிக்காக இல்லாம டீக்காக வந்தது நீங்க ஒருத்தர்தான்."